வாசலில் வைத்த தீப்பெட்டி

‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்பார்கள். சிகரெட்டை விடுவதாக ஆறு முறை சபதம் செய்து, ஆறு முறையும் தோற்றவன் நான். ஏழாம் முறை சொன்னபோது என் மகள் சிரிக்கக்கூட இல்லை. “சரிப்பா” என்றாள். பழமொழியைவிட அந்த ஒரு சொல்தான் என்னைச் சுட்டது.

அந்த மனநிலையில் ஒரு மாலை ஆமத்தூரில் விருதுநகர் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். பட்டாசு ஆலையில் வேலை முடிந்து வந்த பெரியவர் ஒருவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். ஒன்று முடிந்ததும் இன்னொன்று.

பட்டாசு ஆலைக்குள் பீடியும் தீப்பெட்டியும் கொண்டு போகக் கூடாது என்பது சட்டம்.

“பகலெல்லாம் எப்படி அண்ணாச்சி சமாளிக்கிறீங்க?” என்று கேட்டேன்.

“உள்ள போயிட்டா நெனப்பே வராது தம்பி. என் உசிரு மட்டுமா போகும்? பக்கத்துல இருக்கிறவங்க உசிருமில்ல போகும்! வாசலைத் தாண்டினா கை தானா மடியைத் தேடும். ஞாயித்துக்கிழமைன்னா எந்திரிச்சதிலேருந்து பீடிதான்.”

பஸ்ஸில் அதுவே மனத்தில் ஓடிற்று. உடம்பு ஒன்றுதான், வாசலுக்கு உள்ளே ஒரு மனிதர், வெளியே வேறொரு மனிதர். அப்படியானால் பழக்கம் இரத்தத்தில் மட்டும் இல்லை, இடத்திலும் குடியிருக்கிறது.

வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையாகி, 1971-இல் ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற அம்மையார் ஆராய்ந்தார். அவர்களில் பெரும்பாலோர் மறுபடி அடிமையாகவில்லை. காரணங்கள் பல, இடம் மாறியதும் அவற்றில் ஒன்று. 2009-இல் வெளியான லண்டன் ஆராய்ச்சி ஒன்றில், 96 பேர் புதுப் பழக்கம் ஒன்றை மேற்கொண்டார்கள். அது படிந்துபோகச் சராசரியாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. நானோ எந்தச் சபதத்துக்கும் ஒரு வாரத்துக்கு மேல் கொடுத்ததில்லை.

அது மட்டுமா? என் சிகரெட் எழுதும் மேஜையில் குடியிருந்தது. அதே மேஜையில், அதே சாம்பல் கிண்ணத்துக்கு எதிரில் உட்கார்ந்துதான் ஒவ்வொரு முறையும் விரதம் காத்தேன். மிட்டாய்க்கடையில் உட்கார்ந்து உபவாசம் இருந்த கதைதான். பெரியவருக்கு ஞாயிற்றுக்கிழமையில் வாசல் இல்லை. எனக்கு எந்தக் கிழமையிலும் இல்லை.

இப்போது என் மகள் படிக்கும் அறையில், அவளுக்கு எதிரே உட்கார்ந்து எழுதுகிறேன். அங்கே தீப்பெட்டி வருவதில்லை; பக்கத்தில் இன்னோர் உயிர் இருக்கிறது. முதல் வாரம் ஒரு வரிகூட ஓடவில்லை. இடையில் இரண்டு நாள் தெருமுனைக் கடையில் தோற்றுவிட்டு வந்தேன். அதை அவளிடம் மறைக்கவில்லை.

இன்று 41-ஆம் நாள். கணக்கு என்னுடையதல்ல, காலையில் அவளாகச் சொன்னது.