முக்கால் அவுன்ஸ்

நிலவறைப் படிகளில் இறங்கும்போதே அண்ணன் மகன் காதருகில் சொன்னான்: "சித்தப்பா, போனை அணைச்சுடுங்க. அவர் கெட்டிக்கிறப்போ யாரும் பேசக் கூடாது."

கெட்டிப்பது என்ற சொல்லை அவன் எங்கள் ஊர்க் கோயில் வேட்டுக்காரரிடமிருந்து எடுத்து வந்திருக்கிறான். அதிர்வேட்டுக் குழாய்க்குள் மருந்து கெட்டிக்கும்போது அவரும் பேசமாட்டார். இப்போது நாங்கள் நின்றது அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், டேட்டன் நகருக்கு வடக்கே ஒரு சிற்றூர் வீட்டில். அக்டோபர் மாதக் காலை. மேசைமுன் அமர்ந்திருந்தவருக்கு வயது எழுபத்தெட்டு. தொழிற்சாலையில் அச்சு வார்ப்புக் கருவிகள் செய்து ஓய்வு பெற்றவர். ஆளுக்கொரு கண்ணாடியை எடுத்து மாட்டச் சொன்னார். அதன்பின் அரைமணி நேரம் ஒரு வார்த்தை இல்லை.

அவர் முன் இருந்தது, சுட்ட துப்பாக்கித் தோட்டாக் கூட்டில் மீண்டும் மருந்து கெட்டிக்கும் கைப்பொறி; விஸ்கான்சினின் மேவில் ஊரில் செய்யப்பட்ட மெக் 600 ஜூனியர். சுட்டுக் காலியான பிளாஸ்டிக் கூட்டை முதல் இடத்தில் வைத்துக் கைப்பிடியை இறக்குகிறார். வெடித்து விரிந்த உலோக அடிப்பாகம் பழைய அளவுக்கு இறுகுகிறது, மருந்தைப் பற்றவைத்து எரிந்துபோன கேப் கீழே விழுகிறது. அடுத்த இடத்தில் புதுக் கேப். மூன்றாவது இடத்தில்தான் உயிர். குறுக்குச் சட்டத்தை ஒரு பக்கம் தள்ளினால் அளவான மருந்து இறங்குகிறது. அதன்மேல் 'வாட்' என்னும் பிளாஸ்டிக் கிண்ணத்தை அழுத்தி இறக்குகிறார். சட்டத்தை மறுபக்கம் தள்ளியதும் ஈய ரவை கொட்டுகிறது. தகரக் கூரையில் திடீரென்று பெய்து நின்ற தூறல்போல் ஒரு சத்தம். பிறகு வாயின் எட்டு மடிப்புகளைத் தொடங்கிவைக்க ஓரிடம், மடித்து மூட ஓரிடம். முடிந்த தோட்டாவின் வாயில் கட்டைவிரலை வைத்துத் தடவிப் பார்க்கிறார். விரல் ஒப்புக்கொண்டால் பெட்டிக்குள். இல்லையென்றால் தனித் தட்டுக்கு.

அந்தத் தடவலில்தான் அவருடைய வித்தை முழுவதும் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. பொறி வானில் எறியும் களிமண் தட்டுகளைச் சுடும் விளையாட்டுக்காரர்களின் வழக்கமான 12 போர் தோட்டாவில் ஒன்று முதல் ஒன்றே அரைக்கால் அவுன்ஸ் ஈயம் இருக்கும். இவர் போடுவது முக்கால் அவுன்ஸ், ஏறக்குறைய 21 கிராம். கூட்டின் நீளமோ மாறாது. ஈயம் குறைந்த இடத்தை நிரப்ப, கால் நீண்ட வாட் வேண்டும். இடம் மிஞ்சினால் மடிப்பு குழிந்து நடுவில் துளை விழும். அதன் வழியே ரவை கசியும். இடம் போதாவிட்டால் மடிப்பு மூடாமல் புடைத்து நிற்கும்.

மருந்தின் கதை இன்னும் நுட்பம். முன்னால் கனமான சுமை இருந்தால்தான் மருந்து அழுத்தம் ஏறி முழுதாக எரியும். சுமை குறைந்தால், மெதுவாக எரியும் மருந்து பாதியில் சோர்ந்துவிடும். குளிர்நாளில் இன்னும் மோசம். அதனால் வேகமாக எரியும் மருந்து. அதையும் கண்ணளவில் கூட்டிக் குறைக்க முடியாது. மருந்து செய்யும் நிறுவனங்கள் அச்சிட்டுத் தரும் அட்டவணையில் கூடு, கேப், மருந்து, வாட், ஈயம் ஐந்தும் சேர்ந்துதான் ஒரு கணக்கு. வாட்டை மட்டும் வேறு வகைக்கு மாற்றினாலே அழுத்தம் மாறிவிடும். மேசைமேல் ஒரே ஒரு மருந்து டப்பா இருந்தது. இரண்டாவது டப்பா வருவதற்குள் முதலாவது அலமாரிக்குப் போய்விட வேண்டும் என்பது அவர் சட்டம். பத்துத் தோட்டாவுக்கு ஒருமுறை, இறங்கிய மருந்தைத் தராசில் நிறுத்தார். கைப்பிடியை ஒருமுறை முரட்டுத்தனமாக இழுத்தாலே அதிர்வில் மருந்து இறுகி எடை கூடிவிடுமாம். அதனால்தான் பேச்சில்லை. பேசினால் கை தாளம் தப்பும்.

காசு மிச்சம் பிடிக்கத்தான் அறுபதுகளில் தொடங்கியதாகப் பிறகு காபி குடிக்கையில் சொன்னார். அதுவும் மாடியில், சோப்புப் போட்டுக் கை கழுவிய பின்னர். ஈயத்தைத் தொட்ட கையோடு வாயருகே எதுவும் போகக் கூடாது என்பது அவர் மனைவியின் சட்டம். "25 பவுண்டு பை ஒண்ணுல ஒரு அவுன்ஸ் தோட்டான்னா 400 வரும். முக்கால் அவுன்ஸ்னா 533. ஆனா இப்ப நான் அதுக்காகச் செய்யல," என்று மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாவுக்கு வலது தோளில் அறுவை நடந்திருக்கிறது. ஒரு சுற்றுக்கு 25 தட்டு. நாலு சுற்று சுட்டால் தோளில் நூறு இடி. மருத்துவர் சுடுவதை விட்டுவிடச் சொன்னார். "இவர் விடல," என்றார் அந்த அம்மா. "இடியைக் குறைச்சுட்டார்."

எடைக்கு எடை எதிரடி. முன்னால் போவது குறைந்தால் பின்னால் வருவதும் குறையும். ஆனால் எட்டாம் எண் ரவை ஓர் அவுன்ஸில் சுமார் 410 இருக்கும். முக்கால் அவுன்ஸில் சுமார் 300 தான். இலக்கு தவறினால் மன்னிக்க ஆள் குறைவு. கனமான தோட்டாவைவிட லேசான தோட்டாவுக்குத்தான் சுடுபவரும் கெட்டிப்பவரும் கூடுதல் கவனம் தர வேண்டியிருக்கிறது. ஒலிம்பிக்கிலும் வரம்பு 24 கிராம்தான். 2024 பாரிஸில் களிமண் தட்டு சுடும் டிராப் போட்டியில் இறங்கிய புதுக்கோட்டைப் பிரித்விராஜ் தொண்டைமானும் அந்த எடைக்குள் நின்றுதான் சுட்டார் என்று நான் சொன்னபோது, பெரியவர் புதுக்கோட்டை என்ற பெயரை இரண்டுமுறை சொல்லிப் பழகிக்கொண்டார்.

ஒஹையோ மண்ணுக்கு இந்த விளையாட்டு அந்நியமல்ல. உயிருள்ள புறாக்களையும் பிறகு கண்ணாடிப் பந்துகளையும் சுட்ட காலத்தில், 1880இல் களிமண் தட்டைக் கொண்டுவந்த ஜார்ஜ் லிகாவ்ஸ்கி இதே ஒஹையோவின் சின்சினாட்டிக்காரர். இன்று தட்டு கீலும் சுண்ணாம்புத் தூளும் சேர்ந்தது; பெயர் மட்டும் இன்னும் 'பறவை'. குறிபார்த்துச் சுடுவதில் புகழ்பெற்ற ஆனி ஓக்லி பிறந்ததும் இறந்ததும் பக்கத்து டார்க் மாவட்டத்தில். களிமண் தட்டு சுடும் கிராண்ட் அமெரிக்கன் போட்டி 1924 முதல் டேட்டனை ஒட்டிய வண்டாலியாவில் நடந்தது. 2006இல் இல்லினாய் மாநிலத்தின் ஸ்பார்ட்டாவுக்குப் போய்விட்டது. சிறுவயதில் வண்டாலியாவின் பள்ளத்துக்குள் குந்தி, பொறியின் கையில் தட்டு வைத்துக் கோடைகாலக் கூலி வாங்கியவர் இவர். அது போன கதையைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்தது.

மறுநாள் காலை கிளப்புக்குப் போனோம். புல்லில் உறைபனி. அந்த அம்மா பதினாறு கெஜக் கோட்டில் நின்று "புல்" என்றதும் தட்டு பறந்தது, கருந்தூளாய்ச் சிதறியது. தோள் அசைந்ததே தெரியவில்லை. பன்னிரண்டாவது தோட்டா மட்டும் 'பொத்' என்றது, ஈரச் சாக்கை அடித்தாற்போல். தட்டு முழுசாகப் போய்ப் புல்லில் விழுந்தது.

அடுத்த தோட்டாவை அந்த அம்மா தொடவில்லை. கையை உயர்த்தினார், வரிசை முழுவதும் நின்றது. வாட் குழாயில் சிக்கியிருந்து, அதன்மேல் இன்னொன்று சுட்டால் குழாய் பிளந்துவிடும். துப்பாக்கியை மடக்கித் திறந்து, காலிக் கூட்டை எடுத்துவிட்டு, குழாயின் வழியே வானத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கணவரிடம் கொடுத்தார். அவரும் பார்த்தார். பிறகு என்னையும் அழைத்துக் காட்டினார். வழவழப்பான இரும்பு வளையத்தின் மறுமுனையில் ஒரு நாணய அளவுக்கு வெளுத்த வானம்.

சுற்றைத் தொடரலாம் என்றார்கள். ஆனால் அந்தப் பெட்டியில் மிச்சமிருந்த தோட்டாக்களைப் பெரியவர் திரும்பத் தரவில்லை. காரிலிருந்து வேறு பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்த நோட்டைத் திறந்தார். தேதி, மருந்து, வாட், எடை என்று எழுதிய வரிசையில் அந்தப் பெட்டியின் எண்ணைத் தேடி அடிக்கோடிட்டு, பக்கத்தில் காலைக் குளிரின் அளவைக் குறித்துக்கொண்டார்.