காணாத கையொப்பம்

'சாட்சி' என்னும் சொல்லை மறையுரைகளில் எத்தனையோ முறை நாம் விளக்கியிருக்கிறோம். அதன் எடையை அறிந்தது உரிமையியல் நீதிமன்றக் கூண்டில் நின்றபோதுதான்.

வழக்கு சிறியது. சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த மாணவி ஒருத்தி, தனியார் கல்லூரியொன்றில் செவிலியர் படிப்பில் சேர்ந்தாள். கட்டணத்தைத் தவணைகளில் செலுத்துவதாக அவள் தந்தை முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதித் தந்தார் என்றது கல்லூரி. முதல் தவணைக்குப் பின் பணம் வராததால் வழக்குத் தொடுத்தது. தந்தையோ, அது தம் கையெழுத்தே அன்று என மறுத்தார். அத்தாளில் சாட்சிக் கையொப்பம் நம்முடையது. பங்கு முத்திரையும் பளிச்சென்று இருந்தது.

உண்மை இதுதான்: மாணவி அத்தாளைக் கொண்டுவந்தபோதே தந்தையின் பெயரில் கையொப்பம் இருந்தது. திருப்பலிக்கு மணி அடித்துவிட்டது. நாம் ஒன்றும் வினவவில்லை. ஏழைப் பெண் படிக்கட்டுமே என்ற இரக்கம் என்று அன்று அதற்குப் பெயரிட்டோம்; அசட்டை என்பதே தகும்.

கையெழுத்துகளை நீதிபதியே ஒப்பிட்டுப் பார்க்க அன்றைய சாட்சியச் சட்டத்தின் 73ஆம் பிரிவு இடமளித்தது (2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தில் அது 72ஆம் பிரிவு). அதற்கு முன்னரே, கல்லூரி அழைத்த சாட்சியாகிய நம்மைப் பிரதிவாதியின் வழக்கறிஞர் கேட்டார்:

"ஃபாதர், இவர் கையெழுத்திட்டதைக் கண்ணால் கண்டீர்களா?"

ஆம் என்றால், உண்மை பேசிய தகப்பன் பொய்யராவார். இல்லை என்றால், இட்டது யார் என்ற வினா கடைசி பெஞ்சில் தலைகுனிந்திருந்த பெண்ணைச் சென்றடையும். புனித பவுல் பிலமோனுக்கு எழுதிய 25 வசனத் திருமுகம் ஏனோ நினைவுக்கு வந்தது. ஒனேசிமின் கடனைத் தாமே தீர்ப்பதாக அவர் தம் கைப்பட எழுதுகிறார். நாமோ யாருடைய கை என்றே பாராமல் முத்திரை குத்தியிருந்தோம்.

"காணவில்லை" என்றோம்.

கல்லூரித் தரப்பினர் நம்மை ஏறிட்டும் பார்க்கவில்லை. இடைவேளையில் தாழ்வாரத்தில் அப்பெண் தந்தையின் கையைப் பற்றிக்கொண்டு விம்மினாள்: "நீங்க கடலுக்குப் போயிருந்தீங்கப்பா. அன்னைக்குத்தான் கடைசி நாளு. நான்தான் போட்டேன்."

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பாக்கி எவ்வளவு?" என்று கேட்டார்.

வழக்கு சமரசத்தில் முடிந்தது. சிறு தவணைகளாகக் கட்டுவதென்று புதிய தாள் எழுதப்பட்டது. சாட்சிக்கு மீண்டும் நம்மையே அழைத்தார்கள். இம்முறை அருகிலேயே நின்றோம். வலை இழுத்துக் காய்த்த விரல்கள். நான்கே எழுத்துகளை எழுதி முடிக்க அவருக்கு நேரம் பிடித்தது.