அசையாமல் நின்றவர்களின் படம்

ஜித்தாவில், குறிப்பா ஷரஃபியாவில் இருக்கும் நமக்கு பலத் என்றால் தங்கம், துணிமணி, ஊருக்குக் கட்டும் பெட்டிக்கான சாமான். இந்த முறை குழந்தைகளை அங்கே கூட்டிப் போனது ஒரு பழைய கேமரா கதையைச் சொல்ல.

முஹம்மது சாதிக் பே என்ற எகிப்து ராணுவப் பொறியாளர் 1861ல் மதீனாவையும் 1880ல் மக்காவையும் படம் எடுத்தார். அந்த நகரங்களின் முதல் புகைப்படங்கள் அவை. அவருடைய முறை ஈரத்தட்டு கொலோடியன். பிசுபிசுப்பான கொலோடியனைக் கண்ணாடியில் ஊற்றிப் பரப்பி, இருட்டில் சில்வர் நைட்ரேட் கரைசலில் முக்கணும். ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, டெவலப் பண்ணி முடிக்கணும். சாதாரணமாகவே பத்துப் பதினைந்து நிமிஷம்தான். அதில் இருக்கும் ஈதர் இந்த ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம் பறந்துவிடும். போகிற இடமெல்லாம் இருட்டுக் கூடாரமும் கூடவே போகணும். நம்ம மதுரையை 1858ல் படம் எடுத்த லின்னேயஸ் ட்ரைப், முன்கூட்டியே தயார் செய்துகொள்ளக்கூடிய மெழுகுக் காகித நெகட்டிவையே பயன்படுத்தினார்.

பிரிண்ட் போடுவதற்கு முட்டை வேண்டும். வெள்ளைக்கருவில் உப்பு சேர்த்து நுரைக்க அடித்து, தெளிந்ததும் காகிதத்தை அதன்மேல் மிதக்கவிட்டுக் காயவைப்பார்கள். பிறகு சில்வர் நைட்ரேட் ஏற்றி, மேலே நெகட்டிவை வைத்து வெயிலில் வைத்தால் படம் தானாகக் கருத்து வரும். "அப்போ ஆம்லெட் போட்டோவாப்பா?" என்றாள் மகள். (வீட்டில் முயற்சி வேண்டாம். ஈதர் சட்டென்று தீப்பிடிக்கும்.)

நசீஃப் வீட்டு வாசலில் நின்றோம். 1872ல் தொடங்கி 1881ல் முடிந்த வீடு. சாதிக் பே மக்காவைப் படம் எடுத்தபோது இங்கே வேலை நடந்துகொண்டிருந்தது. அந்தக் காலக் கேமராவுக்குப் பல விநாடி வெளிச்சம் தேவை. நின்றவர் விழுவார், நடந்தவர் மங்கிப்போவார் என்றேன். "அப்போ வேலை செஞ்சவங்க யாரும் தெரிய மாட்டாங்களா?" என்று கேட்டான் மகன்.

அடுத்த வருஷம் நாங்கள் ஃபைனல் எக்ஸிட்டில் ஊர் திரும்புகிறோம். போனில் ஆயிரக்கணக்கில் படங்கள், எல்லாம் எங்கள் முகம்தான். அதனால் பன்னிரண்டே படம் எடுத்து, பிரிண்ட் போட்டு, பின்னால் பெயர் எழுதுவதென்று முடிவு. மெஸ் அண்ணன், ஸ்கூல் வேன் டிரைவர் மாமா, கீழ்க்கடை சேட்டா. ஒவ்வொருவரையும் ஒரு நிமிஷம் நிற்கச் சொல்லணும். பட்டியலை மகன் எழுதுகிறான்.