ஆற்றைக் கடக்கிறோம், ஆற்றை அறிந்திருக்கிறோமா?

"உங்களில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்?"

படகு புறப்பட்டுக் கால் மணித்தியாலம் சென்ற பின்னர்தான் இந்தக் கேள்வியைக் கேட்டேன். அதை ஏறுவதற்கு முன்னரே கேட்டிருக்க வேண்டும். படுவான்கரைக் கிராமமொன்றின் மாதர் சங்கத்தைச் சேர்ந்த பதினான்கு பேர் என்னுடன் இருந்தார்கள். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கடைசியில் ஒரே ஒரு கை உயர்ந்தது. அது அறுபத்தெட்டு வயதான பெத்தா ஒருவரின் கை.

கடந்த சித்திரை மாதம் நடந்த சம்பவம் இது. சங்கத்தின் சிறு சேமிப்பு நல்லபடியாக வளர்ந்திருந்தது. வருடம் முழுவதும் வயலிலும் வீட்டிலும் உழைக்கும் இந்தப் பெண்களுக்கு ஒரு நாளாவது பொழுதுபோக்காக அமையட்டும் என்று மட்டக்களப்பு நகரத்திற்கு அழைத்து வந்தோம். கோட்டையைப் பார்த்தோம். பின்னர் வாவியில் படகுச் சவாரி. "பிறந்த நாளில இருந்து இந்த ஆத்தைக் கடந்துதான் போறம் வாறம். சும்மா சுத்திப் பார்க்க ஏறினது இண்டைக்குத்தான்" என்றார் ஒரு சகோதரி. அந்த வார்த்தை என் மனதில் தைத்தது.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. வரைபடத்தில் வாவி என்று எழுதினாலும் எங்கள் சனங்களுக்கு அது ஆறுதான். சூரியன் எழும் கடற்கரைப் பக்கம் எழுவான்கரை, சூரியன் படும் வயற்பக்கம் படுவான்கரை. ஒரு கரையில் பாடசாலையும் வைத்தியசாலையும் சந்தையும், மறு கரையில் வயலும் மாடும் விறகும். பல இடங்களில் இரண்டையும் இணைத்து வந்தவை தோணியும், நாங்கள் 'பாதை' என்று அழைக்கும் இழுவைப் படகும்தான். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும், குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும் எத்தனை தலைமுறை அப்படிக் கடந்திருக்கிறது! மண்முனையில் 2014 இல் பாலம் திறக்கப்படும் வரையில் அங்கும் பாதைதான். யுத்த காலத்தில் இந்த ஆறு எல்லைக்கோடாகவும் இருந்தது. 2007 வரை படுவான்கரை ஒரு தரப்பின் கட்டுப்பாட்டிலும் நகரம் மறு தரப்பின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. தோணி என்றாலே சோதனை, பயம், இடம்பெயர்வு என்றுதான் என் வயதுப் பெண்கள் அறிந்திருந்தோம். மகிழ்ச்சிக்காகப் படகில் ஏறலாம் என்பது எங்களுக்குப் புதிய விடயம்.

அன்று காலை ஆறு அழகாகத்தான் இருந்தது. புளியந்தீவின் கரையோரம், 1628 இல் போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கிய கோட்டையின் மதில், கல்லடிப் பாலம், கண்டல் மரங்கள், கரையில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குகள். பாடும் மீன்களின் கதையைச் சொன்னேன். 1848 இல் இங்கு வந்த குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட், இரவில் படகில் சென்று, நீருக்குள்ளிருந்து எழும் ஓசையைக் கேட்டுத் தன் நூலில் எழுதி வைத்தார். படகின் மரத்தில் காதை வைத்தால் ஓசை இன்னும் தெளிவாகக் கேட்கும் என்பார்கள். உடனே நான்கைந்து பேர் குனிந்து காதை வைத்தார்கள். "எஞ்சின் சத்தந்தான் கேக்குது கா" என்று ஒருவர் சொல்ல, படகே சிரித்தது.

முகத்துவாரத்தை அண்மித்தபோதுதான் அது நடந்தது. தூரத்தில் வெளிச்சவீடு தெரிந்தது. படம் எடுப்பதற்காக ஆறேழு பேர் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே பக்கத்திற்குப் போனார்கள். படகு சரிந்தது. தண்ணீர் உள்ளே தெறித்தது. விளிம்பில் நின்ற இளம்பெண் ஒருவர் தடுமாறினார். பெத்தாதான் அவருடைய தாவணியையும் கையையும் சேர்த்துப் பிடித்து இழுத்து, "குந்துங்க! எல்லாரும் நடுவுல குந்துங்க!" என்று சத்தம் போட்டார். எல்லோரும் குந்தினோம். படகு நிமிர்ந்தது. இரண்டு நிமிடங்கூட ஆகியிருக்காது.

அப்போதுதான் கேட்டேன்: உயிர்காப்பு அங்கி எங்கே? படகோட்டும் தம்பி ஆசனத்திற்குக் கீழிருந்து ஒரு சாக்கை இழுத்தார். வாய் கட்டப்பட்ட அந்தச் சாக்கினுள் ஆறு அங்கிகள் இருந்தன. நாங்களோ பதினைந்து பேர். "குளம் மாதிரித் தண்ணிதானே அக்கா. போடச் சொன்னா ஆக்கள் ஏற மாட்டாங்க" என்றார். அவரை மட்டும் குறை கூறி என்ன பயன்? கேட்காமல் ஏறியவள் நான். பதினான்கு குடும்பங்களின் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் பொறுப்பாக வந்தவளும் நான்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. என் பெரியம்மாவின் மகள் நினைவில் வந்துகொண்டே இருந்தாள். நாவலடி கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலம். 2004 மார்கழி 26 ஆம் திகதி காலையில் கடல் எழுந்து வந்தபோது, ஓடினால் எதிரே ஆறு. அவளுடைய இரு தம்பிமாரும் நீந்திக் கரையேறினார்கள். அவள் வரவில்லை. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அவளுக்குப் பதினேழு. மூவரும் ஒரே வீட்டில், ஒரே ஆற்றங்கரையில் வளர்ந்தவர்கள். தம்பிமார் பாடசாலை விட்டு வந்ததும் ஆற்றில் குதிப்பார்கள். அவள் கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளிப்பாள். வித்தியாசம் அவ்வளவுதான்.

இதை விதி என்றுதான் எங்கள் வீட்டில் சொன்னார்கள். வந்தாறுமூலையில் சமூகவியல் படிக்கும்போது ஒக்ஸ்பாம் நிறுவனம் 2005 இல் வெளியிட்ட அறிக்கையை வாசித்தேன். ஆழிப்பேரலையில் பல இடங்களில் ஆண்களை விடப் பெண்களே கூடுதலாக இறந்ததை அது எடுத்துக்காட்டியது. இலங்கையில் நீந்துவதும் மரமேறுவதும் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே பழக்கப்படுகின்றன என்பதையும் ஒரு காரணமாக அது குறிப்பிட்டிருந்தது. வாசித்து முடித்ததும் நூலகத்திலிருந்து எழுந்து வெளியே வந்துவிட்டேன். விதி என்று நாங்கள் சொன்னதில் ஒரு பங்கு எங்கள் வளர்ப்பு முறை.

ஆழிப்பேரலை அடிக்கடி வருவதில்லை. ஆனால் படகு தினமும் போகிறது. 2021 நவம்பர் 23 ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், மக்களை ஏற்றிச் சென்ற இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உயிரிழந்ததை நாம் மறந்துவிடவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021 இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அதே ஆண்டில்தான் ஐக்கிய நாடுகள் சபை ஜூலை 25 ஆம் திகதியை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் தினமாக அறிவித்தது.

மற்ற இடங்களில் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடி வாசித்தேன். படகுக் கழகம் என்பது நமது பகுதிக்குப் புதியதல்ல. கொழும்பில் 1864 இலும் சென்னையில் 1867 இலும் படகோட்டும் கழகங்கள் தொடங்கப்பட்டன. ஆனால் அவை வெள்ளைக்காரத் துரைமாரின் பொழுதுபோக்கிற்காக எழுந்தவை. என்னைக் கவர்ந்தது அமெரிக்காவில் 1914 இல் தொடங்கப்பட்ட ஓர் அமைப்பு. சொந்தப் படகு வைத்திருக்கும் சாதாரண மக்கள் ஒன்று கூடி, ஓய்வு நாட்களில் உலாப் போவதோடு, தம் அயலவர்களுக்குப் படகோட்டும் ஒழுங்குகளையும் பாதுகாப்பையும் கற்பிக்கிறார்கள். கேட்பவர்களின் படகுகளை இலவசமாகப் பரிசோதித்தும் கொடுக்கிறார்கள். விளையாட்டும் பாடமும் அங்கே ஒன்றாகவே நடக்கின்றன. அந்நாட்டுக் கரையோரக் காவற்படையின் 2023 ஆம் ஆண்டுக் கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. உல்லாசப் படகு விபத்துகளில் மூழ்கி இறந்தவர்களில் நூற்றுக்கு 87 பேர் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவில்லை. எங்கள் சாக்கு மூட்டை எனக்கு ஞாபகம் வந்தது.

அமெரிக்கா எங்கே, நாம் எங்கே என்று நீங்கள் நினைக்கலாம். நம் கிழக்கிலேயே, பொத்துவிலுக்கு அருகே அறுகம்பையில், உள்ளூர்ப் பெண்கள் 2018 இல் கடலலைச் சறுக்கலுக்கென்று தமக்கான கழகமொன்றை அமைத்தார்கள். கடல் ஆண்களுக்கு, வீடு பெண்களுக்கு என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் அவர்களும். தெற்கே வெலிகமப் பகுதியிலும் ஆழிப்பேரலைக்குப் பின்னர் பெண்களுக்கென்றே நீச்சல் வகுப்புகள் நடத்தப்பட்டிருக்கின்றன. அங்கு முடிந்தது ஆற்றங்கரையில் பிறந்த நமக்கு ஏன் முடியாது?

அடுத்த சங்கக் கூட்டத்தில் கணக்கு வாசித்து முடிந்ததும் இந்தப் பேச்சை எடுத்தேன். முதலில் வந்தது சிரிப்பு. அடுத்து வந்தது, "ஊர் என்ன சொல்லும்?" மூன்றாவதாக ஒரு தாய் கேட்டார்: "நனைஞ்ச உடுப்போட புள்ளைகள் எப்பிடி வீட்ட வாற?" இவை அற்பக் கேள்விகள் அல்ல. பெண் பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து தூரத்தில் வைத்திருப்பவை இவைதான். ஆகவே ஒவ்வொன்றாகப் பேசினோம். முழுக்கைச் சட்டையும் காற்சட்டையும் அணியலாம். மாற்றுடுப்பும் கரையில் சீலை கட்டிய மறைப்பும் இருக்கும். ஆண்கள் நடமாடாத நேரம் பார்ப்போம். இடத்தை மீன்பிடிக்கும் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிவோம். முதலை நடமாடும் இடங்களை அவர்களே அறிவார்கள்.

பிறகு பெத்தா எழுந்தார். அவர் சிறு வயதில் தகப்பனுடன் தோணியில் போய் வலை இழுத்தவர். ஆண் பிள்ளை இல்லாத வீடு என்பதால் நீந்தப் பழக்கினார்களாம். வயதுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்கள். "படிச்சது மறக்கல்ல மனே" என்றார். அவர் சொன்னவற்றையும், நான் வாசித்தவற்றையும் சேர்த்துக் கரும்பலகையில் எழுதினோம். உங்களுக்கும் உதவும் என்பதால் இங்கே தருகிறேன்.

1. அங்கி இல்லாத படகில் ஏறாதீர்கள். இருக்கிறதா என்று கேட்பது மட்டும் போதாது. ஏறுமுன் அணிந்து, வார்களை இறுக்கிக் கட்டுங்கள். தோள்ப் பக்கம் பிடித்துத் தூக்கினால் நாடிக்கு மேலே வரக்கூடாது. பிள்ளைகளுக்குப் பிள்ளைகளின் அளவு வேண்டும்.

2. ஒருவர் பின் ஒருவராக, படகின் நடுவில் கால் வைத்து, குனிந்து ஏறுங்கள். ஓடும் படகில் எழுந்து நிற்காதீர்கள்.

3. சீலை முந்தானையையும் தாவணியையும் இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

4. எங்கே போகிறோம், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

5. காற்று எழும்பினால் திரும்புங்கள். மாரியில் முகத்துவாரம் வெட்டப்பட்டு ஆறு கடலுக்குள் பாயும் நாட்களில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

6. "தோணி பிரண்டாலும் மரம் மிதக்கும். தோணிய விட்டுட்டுக் கரைக்கு நீந்தாத." இது பெத்தாவின் வாக்கு. வெளிநாட்டுப் படகுக் கழகங்களும் இதையேதான் கற்பிக்கின்றன.

7. ஒருவர் தத்தளித்தால் பயிற்சி இல்லாமல் பின்னால் குதிக்காதீர்கள். கம்பை நீட்டுங்கள், அல்லது கயிறு கட்டிய வெற்றுக் கானை மூடி இறுக்கி வீசுங்கள்.

8. மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் தவறு. மூச்சு இல்லையென்றால் மல்லாக்கக் கிடத்தி, நாடியை உயர்த்தி, வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, நெஞ்சை அழுத்த வேண்டும். இதை முதலுதவி வகுப்பில் நேரில் பழக வேண்டும். 1990 என்ற இலக்கத்திற்கு அழைத்தால் இலவச நோயாளர் காவு வண்டி வரும்.

ஆனி மாதத்தில் ஒரு விடியற்காலையில் இடுப்பளவு தண்ணீருள்ள இடத்தில் ஒன்பது பேர் இறங்கினோம். பதினான்கு பேரும் வரவில்லை. வந்தவர்களில் மூவர் தம் மகள்மாரையும் கூட்டி வந்தார்கள். நீச்சல் பயிற்றுவிப்பாளரான ஒரு சகோதரி உதவிக்கு வந்தார். அன்று நீந்தப் பழகவில்லை. மல்லாந்து மிதக்கப் பழகினோம். காதுக்குள் தண்ணீர் போகும்போது வரும் அந்தப் பயத்தைத் தாண்டுவது எவ்வளவு கடினம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. முப்பத்து நான்கு வயதில், பெத்தாவின் கை முதுகைத் தாங்க, முதன்முதலாக மிதந்தேன். அதன் பிறகு அங்கி அணிந்து, இருவர் இருவராகத் தோணியில் ஏறித் துடுப்புப் போட்டோம். தோணி வட்டமாகச் சுற்றியது. சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது.

இது இன்னும் கழகமல்ல. பெயரும் இல்லை, பதிவும் இல்லை. மாதம் ஒரு காலை, அவ்வளவுதான். அங்கிகள் இரவல் வாங்கியவை. ஊரில் இரண்டொருவர் பேசவும் செய்தார்கள்.

அன்று நனைந்த தலையோடு வீட்டுக்குப் போனேன். நாவலடி இழப்பின் பின்னர் என் அம்மா ஆற்றுப் பக்கம் கால் வைத்ததில்லை. என்னை நீண்ட நேரம் பார்த்தார். ஏசுவார் என்றுதான் நினைத்தேன். துவாயை எடுத்துத் தந்துவிட்டு, "அடுத்த முறை தங்கச்சிட மகளையும் கூட்டிக்கொண்டு போ" என்றார். அவளுக்குப் பதினொரு வயது.

சகோதரிகளே, இன்றிரவு சாப்பிட அமரும்போது உங்கள் வீட்டில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும் என்று கேளுங்கள். உயரும் கைகளில் பெண் பிள்ளைகளின் கைகள் எத்தனை என்றும் பாருங்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் அந்தக் கணக்கையும் பதிந்து வையுங்கள்.