குழாய் ஸ்பீக்கர் விழுங்கிய பேஸ்

நம்ம திருவண்ணாமலையில் என் நண்பர்கள் இருவர். ஒருவர் பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் சேர்ப்பவர். வால்வு சூடேறினால்தான் சத்தத்தில் சுகம் என்பது அவர் கட்சி. மற்றவர் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர். தீபத் திருவிழாக் கச்சேரிகளில் அவர் வாசித்தது யார் காதிலும் விழவில்லை. காரணம் குழாய் ஸ்பீக்கர்தான். பேஸின் தடித்த கம்பி விநாடிக்கு 41 முறை அதிரும். குழாயிலோ 300க்குக் கீழே பெரும்பாலும் அடங்கிவிடும். இளையராஜா பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸையே ஹெட்போன் வந்தபிறகுதான் நான் முழுசாகக் கேட்டேன்.

போன ஞாயிறு அவர் வீட்டுக்கே ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிப்போய், பெரிய மரப்பெட்டி ஸ்பீக்கரில் இணைத்தோம். வாசித்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சமையலறையிலிருந்து அவர் மனைவி வந்து நின்றார்.

"இதையா அத்தனை வருஷமா வாசிச்சீங்க?"