தாருக்கு அடியில்

எங்கள் தெரு முனையில், கழனிப் பக்கம் தார் ரோடு திரும்புகிற இடத்தில் ஒரு பள்ளம். ஐப்பசி மழையில் அமுங்கும். தை பிறந்ததும் யாராவது வந்து ஜல்லியை இறைத்து, தாரை ஊற்றி மூடிவிட்டுப் போவார்கள். அடுத்த ஐப்பசியில் மறுபடி உள்வாங்கும்.

உத்திரமேரூர்ப் பக்கம் இதில் அதிசயமில்லை. ஏரி, ஏரிக்குக் கீழே கழனி, நடுவே வாய்க்கால். ஓரமெல்லாம் களிமண், மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதன் மேல் கல்குவாரி டிப்பர் லாரிகள். குற்றம் லாரி மேல்தான் என்று டீக்கடையில் தீர்ப்பே ஆகிவிட்டது. எனக்குச் சம்மதமில்லை. அதே லாரிதானே பத்தடி தள்ளியும் போகிறது? அங்கே ரோடு சமமாகத்தானே இருக்கிறது?

இந்த முறை வந்த மேஸ்திரி தார் டின்னைத் திறக்கவே இல்லை. கடப்பாரையால் பள்ளத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே போனார். கெட்டியான இடத்தில் ‘ணங்’, ஓரத்தில் ‘தொப்’. சத்தம் மாறிய இடத்தையெல்லாம் சாக்பீஸால் குறித்தார். கண்ணுக்குத் தெரிந்த பள்ளத்தைவிட இரண்டு மடங்கு வந்தது.

“மேலால கொஞ்சம் தார் ஊத்தினா ஆகாதாண்ணே?”

“ஊத்தலாம் சார். கீழ தண்ணி இருக்கிற வரைக்கும் வருஷா வருஷம் ஊத்தலாம்.”

சதுரமாக, விளிம்பு செங்குத்தாக நிற்கும்படி வெட்டினார்கள். விளிம்பு சரிவாக இருந்தால் புதுத் தார் ஓரத்தில் மெலிந்து பிய்ந்துவிடும். உள்ளே ஜல்லி கருஞ்சேற்றில் கிடந்தது. ஒன்றை எடுத்துத் துடைத்தேன்: தார் உரிந்த மொட்டைக் கல். தண்ணீர் தங்கினால் தார் கல்லை விட்டுவிடுகிறது. முழங்கால் ஆழத்தில் குடிநீர்க் குழாய். இணைப்பிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. குழாய் போட்டவர்கள் தோண்டிய மண்ணையே திமிசு போடாமல் தள்ளி மூடியிருந்தார்கள்.

கசிவை அடைத்த பிறகுதான் மற்ற வேலை. சேற்றை அள்ளிவிட்டு, கிராவலும் ஜல்லியும் நாலு அங்குலம் நாலு அங்குலமாகப் போட்டு, ஈரம் காட்டி இடித்தார்கள். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் அடியில் பொக்கை நிற்கும். பிறகு எமல்ஷன் பூசி, சூடு ஆறாத கலவையைப் பரப்பி உருட்டினார்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் வாட்டம்.

செய்த வேலைக்குக் கணக்குக் கேட்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், சோழ மன்னன் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரி வாரியத்துக்கு என்றே விதி இருக்கிறது. குடவோலையில் வருகிறவருக்கு 360 நாள் பொறுப்பு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரை ஓலையில் எழுதவே கூடாது. அவர் உறவினர் பெயரையும்தான். குடவோலையைப் பற்றி மேடைதோறும் பேசுகிறார்கள். இந்தக் கணக்கு விதியைத்தான் சௌகரியமாக விட்டுவிடுகிறார்கள். குழி தோண்டுகிறவர் ஒருவர், தார் போடுகிறவர் இன்னொருவர் என்று ஆன காலத்தில், மூடிய மண்ணுக்குக் கணக்குக் கேட்க யார் இருக்கிறார்கள்?

ஒட்டுப்போட்ட இடம் இப்போது ரோட்டைவிட நூலளவு மேடாக இருக்கிறது. வண்டி ஓட ஓட அமுங்கிச் சமமாகும் என்று மேஸ்திரி வேண்டுமென்றே விட்டது. டீக்கடையில் அதற்கும் குறை சொல்லியாயிற்று. ரோட்டிலிருந்து வழிகிற தண்ணீர் போய்ச் சேரவேண்டிய ஓரத்து வாய்க்கால் நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டித் தூர்ந்து கிடக்கிறது. அதைத் தூர் வாரவேண்டியது ஊராட்சியா, நெடுஞ்சாலைக்காரர்களா, நீர்வளத் துறையா என்கிற பேச்சு மட்டும் இன்னும் ஓயவில்லை.