வெள்ளையடிக்கு முன்னே

வீடு விற்பனைக்கு வருகிறதென்றால் ஊரிலே அறிவுரைக்குப் பஞ்சமிராது. ஓட்டை மாற்று என்பார் ஒருவர். வாசலை மாற்று என்பார் மற்றொருவர். நாளைப் பார், கோளைப் பார், மூலையைப் பார் என்பார் மூன்றாமவர். மயிலாடுதுறையில் எமது தந்தையார் தம் உழைப்பால் கட்டிய ஓட்டு வீட்டை விற்பதென்று முடிவானபோது, அறிவுரையாளர் அத்தனை பேரும் வந்து சேர்ந்தனர். எல்லாவற்றையும் கேட்டோம், ஏற்கத்தக்கது எது, எறியத்தக்கது எது என்று எண்ணிப் பார்த்தோம்.

ஏற்கத்தக்கவற்றை உடனே செய்தோம். உடைந்த ஓடுகளையும், கரையான் அரித்த கைமரங்களையும் மாற்றினோம். சாக்கடையைச் சீர்ப்படுத்தினோம். ஈரம் கசிந்த சுவரிலே காரையைக் கொத்திப் பூசி, அது நன்கு உலர்ந்த பின்னரே சுண்ணாம்பு அடித்தோம். ஈரத்தின் மேல் அடிக்கும் வெள்ளை, வாங்குவோர் கண்ணுக்கு இடும் திரை. அடுத்த ஐப்பசி மழையிலே அது கிழிந்துவிடும். கசிவு இருந்த இடம் இதுவென்று வந்தவர்களிடம் சொல்லவும் செய்தோம்.

தரகரோ, மனையடி சாத்திரம் அறிந்தவர் என்று ஒருவரை அழைத்து வந்தார். “தெற்குப் பார்த்த வாசல், தென்மேற்கிலே கிணறு, போதாக்குறைக்குத் தெருக்குத்து! வாசலைக் கிழக்கே திருப்புங்கள், கிணற்றைத் தூர்த்துவிடுங்கள், தெருக்குத்துக்கு ஒரு பிள்ளையாரை வையுங்கள். விலை தானே ஏறும்” என்றார் அவர்.

கிணறு எந்த மூலையில் இருந்தால் என்ன? கழிவுக்குழிக்கு அருகே இருக்கிறதா என்பதன்றோ கேட்கவேண்டிய கேள்வி! கோடையிலும் வற்றாத கிணற்றைத் தூர்க்கச் சொல்வதா சாத்திரம்? தெருக்குத்திலே அஞ்சத்தக்கது ஒன்று உண்டு: இருளிலே, தெரு முடிவது தெரியாமல் நேரே வந்து மோதக்கூடிய வண்டி. அதற்கு விளக்கு வேண்டும். வலுவான சுற்றுச்சுவர் வேண்டும். பிள்ளையார் என்ன செய்வார், பாவம்! முதலில் அடிபடுகிறவர் அவரே!

மூலை மூலையாகப் பழுது தேடிய அந்தப் பெரியவர் கண்ணுக்கு, பத்திரப் பெட்டியில் இருந்த பழுது தெரியவில்லை. தாய்ப்பத்திரம் இருந்தது, பட்டா இருந்தது, வரி ரசீது இருந்தது. தந்தையார் உயில் எழுதாமல் மறைந்தார். அன்னையாரும் பின்னர் மறைந்தார். வாரிசுச் சான்றிலே எமது பெயரும், தம்பியின் பெயரும், தங்கையின் பெயரும் இருந்தன. அவற்றோடு, தரகர் தாமே முனைந்து எழுதிக் கொணர்ந்த விடுதலைப் பத்திரமும் இருந்தது. “பெண்ணுக்குத்தான் நகை போட்டு, சீர் செய்து அனுப்பியாயிற்றே! தங்கையிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள்” என்றார். சிற்றப்பாவும் தலையசைத்தார்.

தங்கை வந்தாள், பேனாவை எடுத்தாள். “எங்கே போடவேண்டும், அண்ணா?” என்றாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை!

“முதலில் படித்துப் பார், அம்மா” என்றோம். படித்தாள். தனக்கு இவ்வீட்டிலே எவ்வித உரிமையும் இல்லை என்ற வரிக்கு வந்ததும் நிமிர்ந்தாள். “அம்மாவைக் கடைசி இரண்டு ஆண்டும் இந்த வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டது நான்தானே, அண்ணா?” என்றாள். அவள் குரலிலே சினம் இல்லை.

விடுதலைப் பத்திரமாம்! யாருக்கு விடுதலை? எதிலிருந்து விடுதலை? 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, ஆணுக்கு நிகரான சொத்துரிமை பெண்ணுக்கும் வேண்டும் என்று தீர்மானித்தது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், உயிலின்றி மறைந்த தந்தையின் சொந்தச் சம்பாத்தியத்திலே மகனுக்கு நிகரான பங்கை மகளுக்கும் தந்தது. மூதாதையர் சொத்திலும், அன்று மணமாகாதிருந்த மகளிருக்குச் சமபங்கு உண்டு என்று, கலைஞர் ஆட்சியிலே, 1989 முதல் செயலுக்கு வரும் வகையில் தமிழகம் திருத்தியது. 2005இல் நாடு முழுமைக்கும், மணமான மகளிர்க்கும் அவ்வுரிமை வந்தது. அத்திருத்தம் வந்த நாளிலே தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. இத்தனைக்குப் பின்னும், நடுக்கூடத்திலே அந்த உரிமை ஒற்றைக் கையெழுத்தில் கரைந்துபோகிறது!

நகை போட்டோம் என்கிறார்கள். தம்பியின் படிப்புக்கும்தான் தந்தையார் செலவிட்டார். அதைக் கழித்துக்கொண்டா அவன் பங்கைக் கணக்கிடுகிறோம்?

அந்தத் தாளைக் கிழித்தோம். விற்பனைப் பத்திரத்திலே விற்பவர் மூவர். விலையிலே பங்கு மூன்று. தம்பி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் தானே தங்கை வீட்டுக்குச் சென்று வந்தான். வாங்க வந்தவரோ தெற்கு வாசலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. “வாரிசுகள் எல்லாரும் கையெழுத்து இடுவார்களா?” என்பதே அவர் கேட்ட முதற் கேள்வி!

வீடு விற்க இருக்கும் தோழர்களே! ஓட்டைப் பாருங்கள், சாக்கடையைப் பாருங்கள், மூலை பார்க்க வருவோரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உடன்பிறந்தவளின் கையிலே பேனாவைக் கொடுக்குமுன் பத்திரத்தைக் கொடுங்கள். அவள் படித்து முடிக்கும் வரை காத்திருங்கள்.